முத்துப்பாண்டியின் இடது நெஞ்சு

"என் மூஞ்சிய என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்த முத்துப்பாண்டி அப்படியே நின்றான். தமிழ்ச்செல்வி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இடது நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் அவளும் இருந்தாள். கல்யாண நாள் பரிசாக, அவன் நல்ல கனத்தில் இருந்த காலத்தில் குத்திக்கொண்ட டாட்டூ. இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தமிழ்ச்செல்வியின் முகம். காதில் தோடு, உதட்டில் சிரிப்பு. அப்போது அவன் நெஞ்சு பிசைந்து வைத்த மைதா மாவு மாதிரி திம்மென்று இருக்கும். அவள் முகமும் அதன் மேல் தேர்தல் சுவரொட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது.

கோரிப்பாளையத்தில் ஒரு ஹோட்டலில் அவன் பரோட்டா மாஸ்டர். அடுப்படியில் நின்று நின்று முழங்கால் போய், சுகர் ஏறி, மாடிப்படியைப் பார்த்தாலே மூச்சு வாங்கி, கடைசியில் டாக்டர்கள் வயிற்றைச் சுருக்கி ஆபரேசன் செய்தார்கள். சாப்பாடு ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. கொஞ்ச மாதத்தில் ஆளில் பாதியைக் காணோம். சுகர் இறங்கியது. முழங்கால் சொன்னபடி மடங்கியது. எல்லாம் நல்லதுதான். போன சதை தோலையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அரிசியை இறக்கிக்கொண்டு சாக்கை மட்டும் இவன் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்தக் கூச்சத்தில் வீட்டுக்குள்ளும் பனியனோடுதான் திரிவான். தூக்கமும் பனியனோடுதான். இன்றைக்குப் பார்த்து அது கொடியில் கிடந்தது.

"கண்ணு ரெண்டும் சொருகிப்போச்சு. கன்னம் தொங்குது. காதப் பாரு, தோட்டோட சேந்து எம்புட்டு தூரம் எறங்கிருச்சு! நான் இப்புடியாய்யா இருக்கேன்?"

"நீ அப்படியேதான் இருக்க புள்ள. நாந்தான் எளைச்சிட்டேன்."

"எளைக்கிறவன் நீ மட்டும் எளைக்க வேண்டியதுதான? என்னைய ஏன் இழுக்குற?"

பனியனைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

"இந்தா பாரு," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "திருவிழாவுக்கு எங்காத்தா வருது. அழகர் ஆத்துல எறங்குறதப் பாத்துட்டு, அப்படியே உன்னையும் பாக்க வருதாம். ஆபரேசன் பண்ணுன ஆளாச்சேன்னு."

முத்துப்பாண்டிக்கு வயிற்றில் மிச்சமிருந்த இடமும் சுருங்கியது.

மாமியார் சோலை இந்த வீட்டு வாசலை மிதித்துப் பல வருசம் ஆயிற்று. மகள் ஸ்ரீஜாவின் காதுகுத்துக்கு அவன் மண்டப வாசலில் ஒரு பேனர் வைத்தான். சொந்தபந்தம் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஹோட்டல் முதலாளி செல்போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் பங்காளி வீட்டுச் செவலைக் காளைகூட மாலை போட்டு நின்றது. சோலை மட்டும் இல்லை. பேனர் கடைக்குப் படங்களை அனுப்பும்போது அவள் படம் எப்படியோ விட்டுப்போயிற்று. வேறு ஒரு காரணமும் கிடையாது.

திருவாதவூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்து இறங்கிய சோலை, அந்தப் பேனரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். காளையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். "மாட்டுக்கு இருக்குற எடம் எனக்கு இல்ல," என்று சொல்லித் தட்டைப் பேத்தி கையில் கொடுத்தாள். வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள்.

"எங்காத்தா இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சாப் போதும்யா எனக்கு," என்றாள் தமிழ்ச்செல்வி. கண் கலங்கியிருந்தது. "அது வர்ற நேரத்துல இந்தக் கண்றாவி கண்ணுல பட்டுச்சு, அம்புட்டுத்தான். எம்மகளைக் கேலிப்படம் போட்டு வச்சிருக்கான்னு மறுபடியும் பஸ் ஏறிரும். ஒண்ணு மூஞ்சியச் சரி பண்ணு. இல்ல, சட்டையக் கழட்டாத."

திருவிழாவுக்கு நாள் கிடந்தது. முத்துப்பாண்டி ஜிம்முக்குப் போனான்.

ஜிம் மாஸ்டர் ஸ்டீவ் அவனைச் சுற்றி வந்து பார்த்தான். "அண்ணே, தொங்குற தோலு எக்சர்சைஸ்ல சுருங்காது. வேணும்னா உள்ள சதைய ஏத்தலாம். கொஞ்சம் நெரம்புன மாதிரி தெரியும்."

"ஏத்து தம்பி. எனக்கு எடது பக்கம் மட்டும் போதும்."

"பாதி ஆளுக்கெல்லாம் நான் பண்றதில்லண்ணே."

"சோத்துக் கை வலிச்சா நான் எப்படிப் பரோட்டா அடிக்க?"

ஸ்டீவ் தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அவன் போன பிறகு முத்துப்பாண்டி இடது கையில் மட்டும் கம்பியைத் தூக்கினான். வீட்டில் கேஸ் சிலிண்டரை இடது கையால் தூக்கினான். ஹோட்டலில் மாவையும் இடது கையால் பிசைந்தான். அன்றைய பரோட்டாவைப் பிய்க்க முடியாமல் சாப்பிட வந்தவர்கள் இரண்டு கையும் போட்டு மல்லுக்கட்டினார்கள்.

தினமும் கதவைச் சாத்திக்கொண்டு தமிழ்ச்செல்வி பார்வையிடுவாள். ஒருநாள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு பக்கக் கன்னம் மட்டும் உப்பியிருக்குய்யா. கடவாப்பல்லு புடுங்கப் போறவ மாதிரி இருக்கேன்."

அடுத்த யோசனை ஹோட்டல் சப்ளையர் சின்னக்கருப்பனுடையது. "மாப்ள, தார்ப்பாய் தொங்குனா என்ன செய்வோம்? இழுத்துக் கட்டுவோம்ல? பிளாஸ்திரியப் போட்டு மேல இழுத்து ஒட்டு."

தோள் வரைக்கும் தோலை இழுத்து ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். தமிழ்ச்செல்வி பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"ஏய்யா, நானே என்னைய மொறைக்கிறேன்!"

உண்மைதான். கண்ணும் புருவமும் மேலே ஏறிக்கொண்டு, அரிவாளைத் தேடுகிறவள் மாதிரி இருந்தாள். பிளாஸ்திரியை உரித்தார்கள். தோல் சிவந்து தடித்து, இப்போது முகம் விடிய விடிய அழுதது போல ஆயிற்று.

திருவிழா வந்துவிட்டது. கடைசியாக ஸ்டீவிடம் ஓடினான். "தோலு ஆடாம இருக்க இறுக்கு பனியன் இருக்குண்ணே. அளவு பாத்து வாங்கிப் போடுங்க," என்றான் அவன். முத்துப்பாண்டி கடைக்குப் போய்த் தன் அளவுக்கு ஒரு அளவு சிறியதாக வாங்கினான். இறுக்கம்தானே வேண்டும்? தமிழ்ச்செல்வி ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அவன் மூச்சை அடக்கி உள்ளே நுழைந்தான். கூடுதல் காப்புக்கு உள்ளே பிளாஸ்திரி. மேலே முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை.

"மூச்சு விட முடியுதா?"

"பாதி வருது."

"போதும். எங்காத்தா போனப்பறம் மிச்சத்த விட்டுக்க."

மதுரைச் சித்திரை வெயில் உச்சியில் நின்றபோது சோலை வந்தாள். ஒரு கையில் வெற்றிலைப் பை. இழுத்துத் தொங்கிய காதில் கனத்த தண்டட்டி ஆட, பின்னால் ஆட்டோக்காரர் ஒரு சிப்பம் அரிசியை இறக்கி வைத்தார்.

"பேத்திக்கித்தான் கொண்டாந்தேன்," என்றாள் வாசலில் நின்றபடியே.

"உள்ள வாங்கத்தை," என்றான் முத்துப்பாண்டி.

சோலை மகளைப் பார்த்துச் சொன்னாள்: "என்னடி, ஆளையே காணோம்? துணி மட்டும் நிக்கிற மாதிரி இருக்கு."

"நல்லாத்தான்த்தா இருக்காரு. சுகரெல்லாம் இல்ல இப்ப. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி..."

"தாகமில்ல."

ஒரு காலை உள்ளே வைத்தாள். மறு கால் வாசலிலேயே இருந்தது. தமிழ்ச்செல்வி நீட்டிய சொம்பு நீட்டினபடியே நின்றது. முத்துப்பாண்டி அதைப் பார்த்தான். எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"நான் நல்லா தெம்பாத்தான் இருக்கேன் அத்தை. இங்க பாருங்க!"

சொல்லிக்கொண்டே குனிந்து அரிசிச் சிப்பத்தைத் தூக்கித் தோளில் வைத்தான். தூக்கியதென்னவோ சுத்தமாகத் தூக்கிவிட்டான். அந்த இடத்தில் மூச்சை முழுசாக இழுக்க வேண்டும். வந்தது பாதிதான். கூரை ஒரு சுற்று சுற்றியது. சிப்பம் ஒரு பக்கம், முத்துப்பாண்டி ஒரு பக்கம்.

"அய்யய்யோ! மாப்ள!"

சோலையின் இரண்டு காலும் ஒரே தாவலில் வீட்டுக்குள் வந்தன. "என்னத்தடி இப்புடி இறுக்கிக் கட்டியிருக்கு? மூச்சு முட்டுது மனுசனுக்கு! சட்டையக் கழட்டு!"

"வேணாந்த்தா! சட்டை வேணாம்! விசிறுனாப் போதும்!"

"விலகுடி அங்கிட்டு!"

பட்டன்கள் திசைக்கு ஒன்றாகத் தெறித்தன. பனியன் கழுத்தில் விரல்கூட நுழையவில்லை. சோலை வெற்றிலைப் பைக்குள் கைவிட்டுப் பாக்குவெட்டியை எடுத்தாள். கழுத்திலிருந்து தொப்புள் வரை நறுக் நறுக்கென்று கொண்டுபோனாள். பிளாஸ்திரியைப் பிடித்து ஒரே இழுப்பு.

"ஆத்தாடி!" என்று அலறிக்கொண்டு முத்துப்பாண்டி முழு மூச்சு விட்டான்.

இடது நெஞ்சு மெல்ல இறங்கித் தன் இடத்துக்கு வந்து படிந்தது. கண் சொருகியது. கன்னம் தொங்கியது. கழுத்தில் மடிப்பு விழுந்தது. தோடு போட்ட காது கீழே இறங்கி நின்றது.

தமிழ்ச்செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சோலை குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்த முத்துப்பாண்டி, திருவாதவூர் பஸ் புறப்படும் ஓசை தன் காதுக்குள்ளேயே கேட்பதாக நினைத்து மறுபடி மூடிக்கொண்டான்.

"அந்தத் தண்ணியக் கொண்டாடி," என்றாள் சோலை.

மாப்பிள்ளை முகத்தில் தெளிக்கத்தான் கேட்கிறாள் என்று தமிழ்ச்செல்வி சொம்பைக் கொடுத்தாள். சோலை அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், தானே மடமடவென்று குடித்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தபோது அவள் குரல் உடைந்துவிட்டது.

"பேனர்ல போடலன்னு இத்தன வருசமா வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேனேடி பாவி... காதுத் தண்டட்டி மொதக்கொண்டு அச்சசலா என் மூஞ்சிய மனுசன் நெஞ்சுலல்ல குத்தி வச்சிருக்காரு!"