ஸ்கொட்டிஷ் பாஸ்போட்

"ஸ்கொட்டிஷ் எண்டு ஒரு பாஸ்போட் இந்த உலகத்திலை இல்லை" என்று கோபாலசிங்கம் அறிவித்தார்.

வீடியோ அழைப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. சிசிலித் தீவின் பாலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில் அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டின் மேசையில் பயற்றம் பணியாரத்தை யாரும் தொடவில்லை. பெண் பார்த்தவர்கள் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்தார்கள். அவர்களால் அதைத் தொடவும் முடியாது. ஆனால் பலகாரம் இல்லாமல் பெண் பார்க்கிற பேச்சு நடக்கக் கூடாது என்பது அவர் மனைவி கனகேஸ்வரியின் கட்சி.

"இப்ப என்ன பிரச்சினை உங்களுக்கு?" என்றாள் அவள்.

"நான் என்ன சொன்னனான்? 'தம்பி, நீர் இங்கிலீஸ்காரர் மாதிரியே கதைக்கிறீர்' எண்டு ஒரு புகழ்ச்சிக்குத்தானே சொன்னனான்? அதுக்குப் பெடியன் என்ன சொன்னவன்? 'அங்கிள், நாங்கள் இங்கிலீஸ் இல்லை, ஸ்கொட்டிஷ்.' முகமும் சுருங்கிப் போச்சு. பிரிட்டிஷ் எண்டு சொல்ல அவனுக்கு ஏன் வாய் வரேல்லை?"

அதுவரைக்கும் பேச்சு நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை கீர்த்திகன் ஊர்ப் புதினம் கேட்டான். பெண் நிரோசினியைப் பார்த்து, "நீங்கள் இத்தாலியன் எல்லோ?" என்று பகிடி விட்டான். அவள், "இல்லை, சிசிலியானா" என்று திருத்த, இரண்டு பக்கமும் சிரித்தது. அதற்குப் பிறகுதான் கோபாலசிங்கம் தன் புகழ்ச்சியைச் சொன்னார்.

"பிறந்து வளர்ந்த இடத்தைச் சொல்லுறார், அப்பா" என்றாள் நிரோசினி. அவள் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். ஜாதகம் பொருந்திய நாளிலிருந்து ரயிலில் போகும்போதும் வரும்போதும் கீர்த்திகனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பது தகப்பனுக்குத் தெரியும். சந்தேகம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாலெர்மோவுக்கு வந்த நாள் முதல் கோபாலசிங்கம் மனிதர்களை ஒரே அளவுகோலால்தான் அளந்து வந்தார்: கையில் என்ன கடதாசி? பெர்மேசோ என்கிற தங்கும் அனுமதிக்காகப் பொலிஸ் அலுவலக வாசலில் வரிசையில் நின்றே வாலிபத்தைக் கழித்தவர். பாஸ்போட்டில் இல்லாத நாட்டின் பெயரைச் சொல்கிறவனிடம் பாஸ்போட்டே இல்லை என்பது அவருடைய முடிவு.

நல்ல காலமாக, கேட்டுப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். லிபெர்த்தா வீதியில் கோபாலசிங்கம் வேலை செய்த வீட்டுக்காரி, அவர் மரியாதையாகச் 'சிஞ்ஞோரா' என்று கூப்பிடுகிற ஐல்சா, ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். பாலெர்மோ வக்கீல் ஒருவரைக் கட்டி, இங்கேயே விதவையாகி, இன்றைக்கும் எலுமிச்சை போடாமல் பால் ஊற்றித்தான் தேநீர் குடிப்பவர். இருவரும் இத்தாலிய மொழியில் பேசிக்கொள்வார்கள்.

அடுத்த கிழமை தலையணை உறைகளை அயர்ன் பண்ணிக்கொண்டே கோபாலசிங்கம் பேச்சைத் தொடங்கினார். மரியாதைக்காக ஓர் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துக்கொண்டார்.

"சிஞ்ஞோரா, இந்த ஸ்கொட்ச் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள்?"

சிஞ்ஞோரா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஸ்கொட்ச் என்றால் விஸ்கி. பார்லி போட்டுக் காய்ச்சுகிற சூப்பும் ஸ்கொட்ச். மலையில் இறங்குகிற தூறல் மூட்டம்கூட ஸ்கொட்ச். மனிதர் ஸ்கொட்ச் இல்லை, கோபால். என் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டது உண்மைதான். இப்போது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்."

"அப்படியானால்?"

"ஒருவர் என்றால் ஸ்கொட். பலர் என்றால் ஸ்கொட்ஸ். மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்கொட்டிஷ். ஸ்கொட்ஸ் என்று ஒரு மொழியும் இருக்கிறது. மலைப்பக்கத்திலும் தீவுகளிலும் பேசுகிற கேலிக் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு மொழி. எதைச் சொன்னாலும் இங்கிலீஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

"பாஸ்போட்டில் என்ன போட்டிருக்கும்?"

"பிரிட்டிஷ் என்று போட்டிருக்கும். பாஸ்போட்டை யார் பார்க்கிறார்கள்?"

பாஸ்போட்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கக்கூடிய ஒரு மனிதப் பிறவியைக் கோபாலசிங்கம் அதுவரை சந்தித்ததில்லை. சிஞ்ஞோரா தன் பங்குக்கு ஒன்றைக் கேட்டார்.

"உங்கள் பெர்மேசோ நீண்டகாலத்துக்கு உரியதா, அடிக்கடி புதுப்பிக்க வேண்டியதா?"

"நீண்டகாலம்தான். ஏன், சிஞ்ஞோரா?"

"சும்மா கேட்டேன்."

அந்த நேரம் சிஞ்ஞோராவின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு எழுந்து பல்கனிக்குப் போனவர், கண்ணாடிக் கதவையும் சாத்திக்கொண்டார். ஆங்கிலத்தில் பேசினார். 'கோபால்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரு முறை அல்ல, பல முறை.

தலையணை உறையிலிருந்து கருகல் மணம் எழும்பிய பிறகுதான் கோபாலசிங்கத்துக்குக் கையில் அயர்ன் இருப்பது ஞாபகம் வந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அவரிடம் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. மாப்பிள்ளைக்குக் கடதாசி இல்லை. சிஞ்ஞோரா தன்னை வேலையிலிருந்து நிற்பாட்டப் போகிறார்.

இரண்டாவதற்கு ஒன்றும் செய்ய முடியாது. முதலாவதைச் சரிப்படுத்தப் புதிதாகப் படித்த பாடத்தோடு, மாப்பிள்ளையின் தகப்பன் இராசரத்தினத்துக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, அண்டைக்கு உங்களை இங்கிலீஸ் எண்டு சொன்னது என்ரை பிழை. நீங்கள் ஸ்கொட்ஸ். ஆர் என்ன சொன்னாலும் நான் உங்களை ஒருநாளும் ஸ்கொட்ச் எண்டு சொல்லமாட்டன்."



"நான் குடிக்கிறனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று இராசரத்தினம் கேட்டார். "அருளையாவோ?"

அருளையா இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர். பாலெர்மோவில் வேலைக்குப் போகிற பத்து வீட்டுத் திறப்பும் நூறு வீட்டுப் போன் நம்பரும் வைத்திருப்பவர்.

"ஐயோ அண்ணை, ஒருத்தரும் சொல்லேல்லை!"

"அப்ப நீங்களே நினைச்சியளோ?"

கோபாலசிங்கம் போனை வைத்தார். "குடியும் இருக்குது போல" என்றார் மனைவியிடம்.

தகப்பனோடு கதைத்தால்தானே பிசகுது, பெடியனோடு நேரே கதைத்துச் சமாளிப்போம் என்று சனிக்கிழமை கீர்த்திகனுக்கு எடுத்தார்.

"அங்கிள், குறை நினையாதேங்கோ, பிறகு எடுக்கிறன். அம்மாவோடை மெசேஜஸுக்குப் போறன்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

கோபாலசிங்கம் போனோடு மனைவியிடம் போனார்.

"கனகேஸ், மெசேஜ் எங்கை வாறது?"

"போனிலைதான்."

"பிறகேன் அவன் அதுக்கு வெளியிலை போறான்? தாயையும் ஏன் கூட்டிக்கொண்டு போறான்? எனக்கு விளங்கீட்டுது. அகதி வழக்கு நடக்கிற ஆக்கள்தான் கிழமைக்குக் கிழமை போய்க் கையெழுத்து வைக்கிறவை. குடும்பமாப் போய் வைக்கினம்!"

"அப்பா, கடைச் சாமான் வாங்கப் போறதை அங்கை அப்பிடித்தான் சொல்லுறவை" என்றாள் நிரோசினி.

"உமக்கு ஆர் சொன்னது?"

"அவர்தான்."

"பாத்தீரோ!" என்று மனைவியிடம் திரும்பினார். "முன்கூட்டியே சொல்லிக் குடுத்து வைச்சிருக்கிறான்."

யாழ்ப்பாணத்தாரின் கலியாண விசாரணைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மாப்பிள்ளையைப் பற்றியோ பெண்ணைப் பற்றியோ ஊரெல்லாம் கேட்கலாம். பக்கத்து வீட்டில் கேட்கலாம், கோயில் ஐயரிடம் கேட்கலாம், வேலை கொடுத்த முதலாளியிடமும் கேட்கலாம். சம்பந்தப்பட்ட வீட்டாரிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அதற்குப் பெயர் விசாரணை அல்ல, அவமானம். இது கோபாலசிங்கத்துக்கும் தெரியும். ஆனால் கிளாஸ்கோவில் அவருக்குப் பக்கத்து வீடும் இல்லை, ஐயரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் இராசரத்தினத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'அண்ணை, தம்பியின்ரை பாஸ்போட் முன்பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்புவியளோ? ஜாதகத்திலை பிறந்த திகதி ஒருக்கால் சரிபார்க்கத்தான்.'

பதில் உடனே வந்தது. 'நாங்கள் கொஞ்சம் யோசிக்கவேணும்.'

அன்று மத்தியானம் நிரோசினி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அப்பா, ஜாதகம் கொண்டுவந்தது நீங்கள். கதைச்சுப் பார் எண்டு சொன்னதும் நீங்கள். நான் கதைச்சன், எனக்குப் பிடிச்சிருக்கு. இது குழம்பினால் இனி இந்த வீட்டுக்குள்ளை இன்னொரு ஜாதகம் வரக்கூடாது."

அவள் எழுந்து போன பிறகு கனகேஸ்வரி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, உங்கடை சிஞ்ஞோராவும் அந்த நாட்டு ஆள்தானே. அவவின்ரை காலிலை விழுந்தாவது ஒருக்கால் கதைக்கச் சொல்லுங்கோ. நீங்கள் மட்டும் இனி வாய் திறவாதேங்கோ."

திங்கட்கிழமை காலை அவர் லிபெர்த்தா வீட்டுக்குள் நுழைந்தபோது, சிஞ்ஞோரா மறுபடியும் பல்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். கோபாலசிங்கத்தைக் கண்டதும் அவசரமாகப் போனை வைத்தார். இன்றைக்கு வேலையும் போகப் போகிறது என்று அவர் நினைத்தார். போவதானால் மகளின் காரியத்தை முடித்துவிட்டுப் போகட்டும்.

நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தார். இங்கிலீஸ் என்று சொன்னதையும் ஸ்கொட்ச் என்று சொல்லமாட்டேன் என்று சொன்னதையும் சொன்னார். மெசேஜ், பாஸ்போட், மகள் தள்ளி வைத்த கோப்பை ஒன்றையும் விடவில்லை. கருகிப்போய் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தலையணை உறையையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

"கிளாஸ்கோவில் இராசரத்தினம் என்று ஒருவரோடு நீங்கள் பேச வேண்டும், சிஞ்ஞோரா. நாங்கள் கெட்டவர்கள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பர் தருகிறேன்."

"நம்பர் என்னிடம் இருக்கிறது" என்றார் சிஞ்ஞோரா.

கோபாலசிங்கத்தின் கண்கள் சுருங்கின. "உங்களிடம் எப்படி வந்தது?"

"அருளையா என்று யாரோ ஒருவர் என் நம்பரை அவருக்குக் கொடுத்திருக்கிறார். உட்காருங்கள், கோபால். கலியாணம் நடக்கும். இப்போதுதான் அவரைச் சமாதானப்படுத்தினேன். இவ்வளவு பொருத்தமான இரண்டு தகப்பன்மாரை நான் பார்த்ததில்லை."

"எங்களுக்குள் என்ன பொருத்தம், சிஞ்ஞோரா?"

சிஞ்ஞோரா தேநீரில் பாலை ஊற்றிக் கலக்கினார்.

"நீங்கள் வீடியோவில் கதைத்த மறுநாளே அவர் எனக்குப் போன் எடுத்து, 'பெண் தன்னைச் சிசிலியானா என்கிறாள், சிசிலியானா என்று ஒரு பாஸ்போட் இந்த உலகத்தில் இல்லையே, இவர்கள் எதை மறைக்கிறார்கள்?' என்று கேட்டார்."