சுண்ணாம்புக் குழியில் ஓர் ஆரஞ்சு

குடவாசல்

அன்பு மச்சான் லியாகத் அலி அவர்களுக்கு அப்துல் மஜீது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே ஆட்கள், ஆடுகள், தண்ணீர் மோட்டார் உட்பட அனைவரும் நலம். துபாய் வெயில் உங்களிடம் இரக்கமாக நடந்துகொள்ள துஆ செய்கிறேன்.

மச்சான், ஜெயித்துவிட்டேன்! போன லீவில் நீங்கள் திருச்சியில் வாங்கிவந்து நட்டீர்களே, ஒட்டு ஆரஞ்சுக் கன்று, அது பிழைத்துவிட்டது. நீங்கள் விமானம் ஏறியதுமே இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. உங்கள் தங்கை மெஹராஜ், "காமாலை புடிச்ச செடிக்கு எதுக்குங்க இவ்வளவு எடம்? பெருநாளைக்குள்ள பச்சை கட்டலேன்னா வெட்டிட்டு அங்க துவைக்கிற கல்லு போடுங்க" என்று கெடு வைத்துவிட்டாள். உன் அண்ணன் ஆசையாக வைத்த மரமாச்சே என்றேன். "அண்ணனா வந்து துவைக்கப் போறாரு?" என்றாள்.

பக்கத்து வயல் சாரங்கபாணி, "நெல்லு வெளுத்தா யூரியாதானே" என்று ஒரு கை அள்ளிப் போட்டார். செடி இன்னும் வெளுத்தது. விவசாய ஆபீசில் இலையைக் காட்டினேன். "இரும்புச் சத்து கம்மிங்க" என்றார் அதிகாரி. மேற்கொண்டு ஏதோ சொல்லவந்தார், அதற்குள் நான் பஸ் ஏறிவிட்டேன். இரும்புதானே, வீட்டில் இல்லாததா? சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கி, நன்றாகத் துருப்பிடித்ததாகப் பொறுக்கி, கன்றின் தண்டில் அடித்தேன். காலண்டர், முகம் பார்க்கும் கண்ணாடி, உங்கள் கல்யாணப் போட்டோ எல்லாம் தரைக்கு வந்தன. மெஹராஜ் பேசியதை இங்கே எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தொடமாட்டார்.

அதிகாரி மனசு கேட்காமல் வீட்டுக்கே வந்தார். ஆணிகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். மண்ணைக் கிளறி, "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?" என்றார். வீடு கட்டியபோது வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறப்போட்ட குழி என்றேன். "அதாங்க! மண்ணுல இரும்பு இருக்கு. சுண்ணாம்பு அதை வேருக்கு விடமாட்டேங்குது" என்றார். சுண்ணாம்புக் கட்டிகளை வெட்டியெடுத்து, வாய்க்கால் வண்டலும் மட்கிய குப்பையும் போட்டு, அவர் சொன்ன அளவில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து இலைமேல் தெளித்தேன். புதுச் சுவரிலும் தெறித்துவிட்டது. காவிப் புள்ளி அழகாகத்தான் இருக்கிறது, மெஹராஜுக்கு ரசனை போதாது. ஆடு கடிக்காமலிருக்க என் கொசுவலையையே கழற்றிச் செடியைச் சுற்றிக் கட்டினேன்.

பெருநாளுக்கு முதல் நாள் பார்த்தால் வலை முழுக்கப் பச்சை! தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் உங்கள் தங்கை. நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவள் வாயால் 'சரி' என்று கேட்டது இதுதான் முதல் தடவை மச்சான். கண் கலங்கிவிட்டது.

உங்கள் ஆயுளும் சம்பளமும் பெருகட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

தங்கள் மச்சான்,
அப்துல் மஜீது

பி.கு.: கவருக்குள் வைக்க ஓர் இலை பறிக்கலாமென்று இப்போதுதான் வலையை அவிழ்த்தேன். விரலில் முள் ஏறிவிட்டது. ஆரஞ்சுக்கு ஏது இத்தனை முள் என்று குனிந்து பார்த்தால், பச்சை முழுவதும் ஒட்டுக்குக் கீழே, ஆரஞ்சை ஒட்டவைத்திருந்த அடித்தண்டான காட்டு எலுமிச்சை விட்ட கிளை. ஒட்டுக்கு மேலே உங்கள் ஆரஞ்சு, நான் அடித்த ஆணிகளோடு விறகாக நிற்கிறது. மன்னியுங்கள் மச்சான். ஆத்திரத்தில் அரிவாளை எடுத்தேன். மெஹராஜ் இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள். "ஊறுகாய்க்கு இதைவிட என்ன வேணும்? என் மரத்துல கை வச்சீங்க, தெரியும் சேதி" என்றாள். தண்ணீர் ஊற்ற மட்டும் எனக்கு அனுமதி.