அந்தக் கவிதையை நான் எழுதவில்லை

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் என் பெயரில், பட்டத்தோடு, ஒரு கவிதை வந்திருக்கிறது:

என் மண்டைக்குள் ஒரு வீடு
குழாயெல்லாம் திறந்து கிடக்கிறது
மூடப்போன கைகள் மிதந்து போயின
யாருடைய கைகளோ இப்போது எனக்கு

நான் பல் டாக்டர், மச்சான். கவிதை எழுதுகிறவன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை வந்த முதல் நோயாளி, ஊசியைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டு, "டாக்டர், இது உங்க கைதானே?" என்றார். அடுத்தவர் பல்வலி போய்விட்டது என்று எழுந்தே போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் என் அண்ணன் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதவில்லை என்றேன். "ஒத்துக்காம இருக்கிறதுதான்டா முதல் அறிகுறி" என்று கையோடு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா கவிதையை இரண்டு தடவை படித்துவிட்டு, "வீடுன்னா மனசு, தண்ணின்னா அடக்க முடியாத பயம். கை போச்சுன்னா, செய்யறதெல்லாம் தான் செய்யற மாதிரியே இல்லைன்னு அர்த்தம். எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டார். குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவேன் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். இப்போது சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து என் முகத்தையே பார்க்கிறார்கள். உங்கள் தங்கைதான் வாய் திறக்காமல் எல்லோருக்கும் டீ போடுகிறாள். எனக்கு ஒன்றுமில்லை என்று நீங்களாவது நாலு பேரிடம் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "அது நான் எழுதினது" என்றாள். என் பெயரை ஏன் போட்டாய் என்று கேட்டேன். "என் பேர்ல வந்தா பொழுது போகாம எழுதியிருக்கான்னு விட்டுடுவாங்க. உங்க பேர்ல வந்தா யாராவது என்ன ஏதுன்னு கேப்பாங்கன்னு தோணுச்சு. கேட்டாங்க, உங்களை." மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். நாளைக் காலை அவளை அந்த மருத்துவரிடம் அழைத்துப்போகிறேன். இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உடனே கிளம்பி வாருங்கள். வந்ததும் என்னை நலம் விசாரிக்க வேண்டாம்.