மெமரிக்கு நான் கொடுத்த பதவி உயர்வு

பதிவேட்டில் ஒன்றைத் திருத்துமுன் பழைய பதிவைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே திருத்த வேண்டும். தாலுகா அலுவலகத்தில் என் கீழ் வேலை பார்த்த அத்தனை பேரையும் இந்த விதியை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். (நானும் கடைப்பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.)

அன்று மதியம் என் மகள் கவிதாவுக்கு ஆன்லைனில் வேலை நேர்காணல். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதென்று காலையில் அவள் முனகியதுதான் தாமதம், உத்திரமேரூரின் ஒரே கம்ப்யூட்டர் மேதையான நான் களத்தில் இறங்கினேன். ஒரு வீடியோவைப் பார்த்து, ஆன் செய்ததும் டெலிட் விசையைத் தட்டித் தட்டி, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் நுழைந்துவிட்டேன். மெமரிக்குத் தகுதி 3200. ஓடிக்கொண்டிருந்ததோ 2400 வேகத்தில். தகுதியிருந்தும் பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஊழியர்! எனக்கு ரத்தம் கொதித்தது. (நான் ரிடையர் ஆனதும் அப்படித்தான்.) நிலுவையையும் சேர்த்து 3600 கொடுத்தேன். வோல்டேஜ், டைமிங் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிச் சேமித்தேன்.

திரை இருண்டது. உள்ளே விசிறி மட்டும் சுற்றியது.

“இன்னாப்பா பண்ண?” என்று ஓடிவந்தாள் கவிதா.

“வேகமாக்கிக்கினு இருந்தேன்.”

“மூடியத் தொறந்து, உள்ள கீற சின்ன பேட்டரியக் கழட்டி மாட்டினா பழசு வந்துடும். நவுருப்பா.”

“வாரண்டி சீல் கீது பாரு. உடைக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது? கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும்.”

பொருள், பார்வை எல்லாம் போட்டு, திரையில் எதுவுமே தெரியவில்லை என்று ஃபோனிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலுக்காக நான் காத்திருந்தேன், நேர்காணல் காத்திருக்கவில்லை.

கடைசியில் கவிதா ஃபோனிலேயே வீடியோவில் பேசுவதென்று ஆயிற்று. சிக்னல் மொட்டைமாடியில்தான் வரும். உச்சி வெயில். என் மனைவி மங்கை குடையை என் கையில் திணித்தாள். “கம்ப்யூட்டரக் கெடுத்த கை இத்தயாவது ஒயுங்கா புடிக்கட்டும்.”

பெருமாள் புறப்பாட்டுக்குப் பிடிப்பதுபோல் கவிதாவின் பின்னால் நின்று பிடித்தேன். காற்றடித்ததில் குடையோடு என் கையும் திரைக்குள் வந்தது.

“உங்க பின்னாடி யாரு?” என்றார் நேர்காணல் செய்த அம்மையார்.

“ஸ்டாண்டு, மேடம்” என்றாள் கவிதா, கண் இமைக்காமல்.

“ஸ்டாண்டு வாட்ச் கட்டியிருக்கே?”

பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பாதி நேர்காணல் முடிந்துவிட்டது. வேலை கிடைத்தது. அன்று மாலையே கவிதா என் ஆட்சேபணையோடு சீலை உடைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். மெமரி பழைய பதவியிலேயே நிம்மதியாக அமர்ந்தது.

இன்றும் வீட்டில் பல்பு மாற்ற யாராவது நாற்காலியில் ஏறினால், “ஸ்டாண்டைக் கூப்புடு” என்று குரல் வரும். நானும் போய்ப் பிடித்துக்கொள்வேன்.

கம்பெனியின் பதில், கவிதா வேலையில் சேர்ந்து முதல் பொங்கலுக்கு ஊர் வந்திருந்த போகியன்று வந்தது: “பழுதைப் புரிந்துகொள்ள, தங்கள் திரையில் தெரிவதைப் படமெடுத்து அனுப்பவும்.”