ராணியின் சேலையில் ஃபால்ஸ்

டிவி முன்னால் இரண்டு மணி நேரம் வாயைத் திறப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில். சபதங்களைப் பசி நேரத்தில் எடுக்க வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் மனசு தாராளமாகிவிடுகிறது. அந்தத் தாராளம்தான் என்னைக் கவிழ்த்தது.

என் பெயர் ராமலிங்கம். காஞ்சி காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற உத்தியோகம். நாளெல்லாம் விரிப்பேன். "வேற காட்டுங்க" என்பார்கள். மடிப்பேன். மறுபடி விரிப்பேன். செவ்வாய்க்கிழமை கல்யாண வீட்டுக்காரர்கள் பட்டு எடுக்க வரமாட்டார்கள் என்பதால் எங்கள் கடைக்கு அன்று லீவு. அந்த ஒரு மதியத்துக்காகத்தான் மற்ற நாட்களை நான் ஓட்டுகிறேன்.

காரணம், எங்கள் வீட்டு ஜன்னல் ஓரத்துக் கட்டில். அதில் படுத்தால் பக்கத்து வீட்டு வேப்பமரத்துக் காற்று காலில் ஆரம்பித்து மெல்ல மெல்லத் தலைக்கு ஏறும். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகும். கண் செருகும். செருகியதும் நான் பல்லவர் காலத்துக் காஞ்சிக்குப் போய்விடுவேன். அங்கே எனக்கு எந்த வேலையும் கிடையாது. யாருக்கும் எதையும் விரித்துக் காட்ட வேண்டியதில்லை. தாமரைக் குளக்கரையில் வெள்ளை வேட்டியோடு நடப்பேன். எதிரே அரசர் வருவார். "என்ன ராமலிங்கம், இன்னும் உறங்கவில்லையா?" என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போவார். வீட்டில் இந்த மாதிரி யார் விசாரிக்கிறார்கள்?

கனவானாலும் நான் கண்டிப்பானவன். என் கனவுச் சமையலில் மிளகுதான், மிளகாய் கிடையாது. மிளகாய் கப்பலேறி இந்தப் பக்கம் வந்ததே பல்லவர்கள் போய்ப் பல நூறு வருஷம் கழித்துத்தான். பஸ் ஸ்டாண்டு ஹாரன் உள்ளே நுழைந்தால் அதைச் சங்கு என்று மாற்றிக்கொள்வேன்.

அப்படிப்பட்டவன் வீட்டில், அதே நேரத்தில், அதே அறையில், என் மனைவி ரேணுகாம்பாள் பல்லவர் காலத்துத் தொடர் ஒன்றைப் பார்க்கிறாள். அது தப்புகளைக் கோத்துக் கட்டிய மாலை. நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"ரேணு, அங்க பாரு. அரண்மனைத் தோட்டத்துல காகிதப்பூ! அது அப்போ இந்தியாவுலயே இல்ல."

"அந்தப் பொண்ணு அழுவுது. நீங்க பூவைப் பாத்துக்கினு இருக்கீங்க."

"பின்னாடி கோபுரம் பாரு, ஏகாம்பரநாதர் ராஜகோபுரம்! அதைக் கட்டின கிருஷ்ணதேவராயருக்குப் பாட்டனே அப்போ பொறக்கல."

"கோபுரம் எங்கனா போவட்டும். ராசா அவளைக் கட்டிக்குவானா மாட்டானா?"

"அந்தத் தளபதி கையில அம்மை குத்தின தழும்பு இருக்குது!"

"உங்க வாயில ஒரு ஊசி குத்தினா தேவல."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் வைகாசித் திருவிழா நெருங்கியது. வரதராஜப் பெருமாள் ஊர்வலம் வரும் தெருவில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். கருட சேவைக்கு முசரவாக்கத்திலிருந்து என் மச்சான் முனிசாமி குடும்பத்தோடு வருவதும், அவர்கள் சாமி பார்ப்பதும், நான் இட்லி வாங்கி வருவதும் வருஷா வருஷம் நடப்பதுதான். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

"ஏங்க, இந்த வருசம் முனிசாமி கொடியேத்தத்துலேயே வந்துடறேன்றான். அம்மாவையும் கூட்டிக்கினு. தீர்த்தவாரி முடிச்சிட்டுதான் போவாங்களாம்."

என் கண் தானாகவே கட்டில் பக்கம் போனது. மாமியார் தரையில் படுக்கமாட்டார். முனிசாமி விடும் குறட்டையில் என் கனவுக்குள் யானைப்படையே வரும். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை வேறு இருக்கிறது.

"கருட சேவைக்கு மட்டும் வரட்டும். ஒரு நாள் போதும்" என்றேன்.

"திருவிழா பூரா இருக்கட்டுமே. என் பொறந்த வூட்டு மனுசங்க வந்து தங்கி எத்தினி வருசம் ஆவுது?" அவள் குரல் நிஜமாகவே இறங்கியது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் கட்டில் கட்டில்தான்.

அப்போதுதான் டிவியில் அரசர் ஒருவர் தங்கத் தட்டில் உருளைக்கிழங்கு சாப்பிட்டார். நான் துள்ளி எழுந்தேன்.

"உருளைக்கிழங்கு!"

ரேணு ரிமோட்டைக் கீழே வைத்தாள். "ஒரு பந்தயம் வச்சிக்கலாமா? அடுத்த செவ்வாக்கெழமை ராணி கல்யாண எபிசோடு. ரெண்டு மணி நேரம். அது முடியற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கலன்னா, எங்க வூட்டு ஆளுங்களை நான் ஒரு நாளைக்குதான் கூப்பிடுவேன். தொறந்தீங்கன்னா திருவிழா பூரா."

இவ்வளவுதானா? எனக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட்ட வயிறு பேச ஆரம்பித்தது.

"வாய் மட்டும் என்ன? கையை ஆட்ட மாட்டேன். தலையை அசைக்க மாட்டேன். எழுந்து வெளியில போவ மாட்டேன். ஒரு சைகை பண்ணாலும் நான் தோத்ததா வச்சிக்கோ!"

"நெசமாவா?"

"நெசமா."

"யாரையாவது சாட்சி வச்சிக்கலாம்" என்றாள் அவள், ரொம்பச் சாதுவாக.

சாட்சியாக வந்தவள் மாடி வீட்டு ஏஞ்சல். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே "வலிக்காது" என்று சிரித்துச் சொல்லக்கூடியவள். சொன்ன செவ்வாயன்று ஒரு கிண்ணம் முறுக்கோடு வந்து, டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து உட்கார்ந்தாள்.

தொடர் ஆரம்பித்தது. கல்யாணச் சமையல். அண்டா நிறையச் சிவப்பு மிளகாய். நான் பேசவில்லை. ஒரு பணிப்பெண் தக்காளி அரிந்தாள். பேசவில்லை. மந்திரியின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணே, தண்ணி வேணுமா?" என்றாள் ஏஞ்சல்.

நான் பதில் சொல்லவில்லை. சும்மாவா கூப்பிட்டிருக்கிறார்கள் இவளை?

பிறகு ராணி படிக்கட்டில் ஓடி வந்தாள். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடினாள். கீழ் விளிம்பு திரும்பியது. கேமரா அங்கேயே நின்றது. ஐயோ, நான் என்னவென்று சொல்வேன்! பல்லவ ராணியின் சேலையில், கொசுவம் நிற்க இந்தக் காலத்தில் உள்விளிம்பில் வைக்கிற ஃபால்ஸ் பட்டை தைத்திருந்தது. அதுவும் அரக்குச் சேலைக்குப் பச்சை ஃபால்ஸ். மிளகாயை மன்னித்துவிடலாம், கோபுரத்தை மன்னித்துவிடலாம், இது என் தொழில். தொண்டைக்குள் ஒரு பெரிய 'ஃ' வந்து நின்றது. அதை அப்படியே முழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இனி பார்த்தால் தாங்காது என்று கண்ணை மூடினேன். கண்ணை மூடக் கூடாது என்று பந்தயத்தில் இல்லை.

வேப்பங்காற்று வந்தது. ஃபேன் முனகியது. முனகல் தூரமாகிப் போய் நாதஸ்வரம் மாதிரி ஆனது. நான் என் காஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். என்ன நிம்மதி! தெருவெல்லாம் மிளகு மணம். குளத்தில் தாமரை. ஒரு சேலையிலும் ஃபால்ஸ் இல்லை. அரசர் மண்டபத்தில் உட்கார்ந்து, எனக்காக ஒரு பட்டு மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சாயப் போனேன். அப்போது தூதன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்து என் முன்னால் குனிந்தான்.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

பல்லவர் காலத்துத் தூதன் இப்படிப் பேசமாட்டானே. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். டிவியில் ராணி தாலிக்குக் காத்திருந்தாள். ஸ்டூலின் மேல் ரேணுவின் போன், ஸ்பீக்கரில்.

"அக்கா, மாமா இருக்காரா?" முனிசாமியின் குரல்.

"பக்கத்துலதான்பா, முழிச்சிக்கினுதான் இருக்காரு. நீயே கேளு."

"மாமா, திருவிழா முடியறமுட்டும் நாங்க உங்க வூட்லயே தங்கிக்கட்டுமா? உங்களுக்குச் சிரமம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஒரே ஒரு வார்த்தை. என் நாக்கின் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. சொன்னால் பந்தயம் போச்சு, திருவிழா முழுக்க வந்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் சம்மதம் என்று வந்துவிடுவார்கள். கையை ஆட்டலாமா? அந்த நிபந்தனை நான் போட்டது. தலையை? அதுவும் நான் போட்டது. வெளியே ஓடிவிடலாமா? ஐயோ, அதையும் நானேதான் போட்டேன். ரேணு பாவம், வாயை மட்டும்தான் கேட்டாள்.

நான் ஏஞ்சலைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன்.

"அண்ணே, கண்ணை உருட்டறதும் சைகைதான். இந்த ஒரு தரம் விடறேன்" என்று அவள் முறுக்கைக் கடித்தாள்.

"மாமா ஒண்ணும் சொல்லலியேக்கா?"

"வேணாம்னு சொல்லலியேப்பா. கல்யாணம் ஆன நாள்லேருந்து எதையாவது அவரு வேணாம்னு சொல்லாம வுட்டிருக்காரா? நீயே சொல்லு."

"அதானே!" என்றான் முனிசாமி. "மாமா, உங்களைப் போயி நாங்க என்னென்னமோ நெனச்சிட்டோம் மாமா. அம்மா அழுவுது பாருங்க. அது கீழ படுக்காதேன்னுதான் யோசனை..."

"கட்டில் குடுக்க மாட்டேன்னா சொல்லட்டுமே" என்றாள் ரேணு.

எல்லோரும் காத்திருந்தார்கள். டிவியில்கூட மேளம் நின்றது. நான் ரேணுவைப் பார்த்தேன். அவள் ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் யோசித்தேன். பேசினாலும் வருகிறார்கள், பேசாவிட்டாலும் வருகிறார்கள். அப்படியானால் ஜெயித்துவிட்டாவது போவோம். எனக்கும் மானம் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அரசர் தாலி கட்டினார். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

"ஆமாண்ணே, ஒரு வார்த்தை பேசல. நான் சாட்சி" என்றாள் ஏஞ்சல்.

"நானும் ஒத்துக்கறேன்" என்றாள் ரேணு. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. "பந்தயப்படி நான் கூப்பிட்டா ஒரு நாள்தான். அதான் நான் கூப்பிடல. நீங்களே தங்க வச்சிக்கிறீங்க. அதுல நான் எப்படிங்க தலையிட முடியும்?"

"அப்போ நான் ஜெயிச்சது?"

"அது ஜெயிச்சதுதான். யாரு இல்லன்னா? கொஞ்சம் எழுந்திரிங்க. அம்மாவுக்கு ஜன்னல் காத்து ஆவாது, கட்டிலை அந்தச் செவுத்தோரம் போட்டுடலாம். ஜன்னல்கிட்ட முனிசாமி பாய் போட்டுக்குவான்."

கட்டிலின் ஒரு முனையைத் தோற்றவள் பிடித்தாள். கனமான முனையை ஜெயித்தவன் பிடித்தேன்.