வெளுத்த மோதிரம்

அன்று காலை ஊரிகம் தங்கச் சுரங்கத்து மில் லைனில், அந்தத் தட்டி வீட்டுக்குள் இருந்தவர்கள்: மில்லில் தங்கத்தூள் ஒட்டுவதற்காகச் செப்புத் தகடுகளுக்குப் பாதரசம் தேய்க்கும் ஏனோக், தலையில் துணி கட்டிக்கொண்டு, வெற்றிலை வாசனையோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஐடா, அவள் விரலில், நேற்றுவரை தங்கமாக இருந்த கல்யாண மோதிரம்.

"இன்னாங்க இது?" ஐடா விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

மோதிரம் ஈயம் மாதிரி வெளுத்திருந்தது.

"கோயில்ல பாதிரியார் முன்னால மாட்டினீங்களே. ஈயத்துக்கு முலாம் பூசிக் குடுத்தாரா உங்கப்பா?"

ஏனோக் எழுந்து கதவைச் சாத்தினான். அப்பாவின் மேல் பழி வந்ததற்காக அல்ல. பாதரசம் பட்டால்தான் தங்கம் இப்படி வெளுக்கும். பாதரசம் மில் கேட்டைத் தாண்டக்கூடாது என்று சர்க்கார் தமுக்கடித்துச் சொல்லியிருந்தது. அது விஷம் என்பது ஒரு காரணம். அதை வைத்துத் தங்கத்தை வழித்தெடுக்கலாம் என்பது பெரிய காரணம். வீட்டில் ஒரு துளி அகப்பட்டாலும் ஜெயில். வேலையும் போகும், லைன் வீடும் போகும்.

அவன் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் முடியாது. ஷிப்டு முடிந்தால் காவல்காரன் முனிரத்தினம் கேட்டில் நிறுத்திக் கோவணம் வரை உதறிப் பார்ப்பான். நகத்துக்குள் ஈர்க்குச்சி விட்டு நோண்டுவான். பக்கத்து வீட்டுக்காரன்தான். கேட்டில் அதெல்லாம் செல்லாது.

"கழட்டு" என்றான்.

"கழட்டி? சேட்டு கடையில காட்டி மானத்த வாங்கவா?"

புளி போட்டுத் தேய்த்தான். மோதிரம் கொலுசு மாதிரி பளபளத்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தான். முகம் பார்க்கலாம்போல ஆனது.

"நல்லா வெளக்குறீங்க," என்றாள் ஐடா. "பாத்திரமும் கெடக்குது."

மிச்சம் இருந்தது நெருப்பு. மில்லில் அப்படித்தான் செய்வார்கள். சூடு ஏறினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் நிற்கும். இரும்புக் கரண்டியில் மோதிரத்தைப் போட்டு அடுப்புக்குள் செருகினான். விறகு ஈரம். ஊத ஊத வீடு முழுக்கப் புகை.

"வெளிய வா. இந்த ஆவி உள்ள போனா பல்லு கொட்டிரும்."

"சோறு ஆக்கணும்."

"பல்லு இருந்தாத்தான் சோறு."

அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். கூரையெங்கும் புகை, புருஷனும் பெண்டாட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே. லைனில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஏனோக் வீட்டிலேயே தங்கம் உருக்குகிறான்.

முனிரத்தினம் போலீஸ் தபேதாரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். கரண்டியை வெளியே எடுத்தார்கள். மோதிரத்தின் வெளுப்பு போயிருந்தது. ஆனால் சொரசொரவென்று, பழுப்பேறி, மண்ணுக்குள் கிடந்த வளையம் மாதிரி இருந்தது.

"திருட்டுத் தங்கம் எஜமான்," என்றான் முனிரத்தினம். "இவன் நகத்த எத்தினி வாட்டி நோண்டிக்கிறேன். எங்க வெச்சிக்கினு வந்தானோ."

"என் சம்சாரத்தோட கல்யாண மோதிரம் எஜமான். கேட்டுப் பாருங்க."

தபேதார் மோதிரத்தை ஐடாவிடம் நீட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து மஞ்சளா இருந்துச்சு. காலையில வெள்ளையா இருந்துச்சு. இப்ப மண்ணு மாதிரி கீது. எது என்னுதுன்னு எனக்கே தெரியலீங்க."

"வெள்ளையா?" என்றார் தபேதார்.

"பாதரசம் எஜமான்," என்றான் முனிரத்தினம் மனம் குளிர்ந்துபோய். "ரெண்டு கேசு."

ஏனோக் அவள் பக்கம் திரும்பினான். கல்யாணமான நாளிலிருந்து ஐடா பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. இப்போதும் அவள் சொல்லவில்லை.

தபேதார் அவன் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றினார். அப்போதுதான் ஐடாவுக்கு உறைத்தது. வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து முனிரத்தினத்தின் மனைவி கங்கம்மா ஒரு கொட்டாங்கச்சியோடு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ஐடாவிடம் போனாள்.

"இதுக்கா அழுவுற? நேத்து நான் குடுத்தத ஒரு வாட்டி தேச்சா பேன் எங்க சாவும்? இந்தா, இன்னொரு வாட்டி தலைக்குத் தேச்சிக்க."

தபேதார் கொட்டாங்கச்சியை வாங்கிச் சாய்த்தார். அரைத்த வெற்றிலைச் சாற்றுக்கு அடியில் வெள்ளி முத்துக்கள் உருண்டன.

"ஏய், உள்ள போ," என்றான் முனிரத்தினம்.

"இது ஏதும்மா உனக்கு?" என்றார் தபேதார்.

கங்கம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "கேட்டுல புடிக்கிறதையெல்லாம் இவுருதானே ஊட்டுக்கு எடுத்தாராரு. கட்டிலுக்கு அடியில தொடப்பம் நொழைய எடமில்ல, அதான் ஊருக்குப் பேனாவது சாவட்டும்னு குடுக்கிறேன்."

தபேதார் ஏனோக்கின் கயிற்றை அவிழ்த்து முனிரத்தினத்தின் மணிக்கட்டில் சுற்றினார். போலீஸ் சாவடியில் அவனைக் கோவணம் வரை உதறிப் பார்த்தார். நகத்துக்குள் ஈர்க்குச்சி விட்டு நோண்டினார். பிறகு அவனை உள்ளே தள்ளிக் கதவை மூடிப் பூட்டினார்.