மணல்ல ஓடற எஞ்சின்

உ

திருச்செங்கோட்டுக்குப் பக்கம், கார்த்திகை மாசம்

மரியாதைக்குரிய கொழுந்தனார் வேல்முருகன் தம்பிக்கு, உங்கள் அண்ணன் மனைவி நல்லம்மாள் எழுதிக்கொள்வது. ராஜஸ்தானில் தாங்களும், தங்கள் போர்வெல் ரிக் வண்டியும், வண்டியில் இருக்கிற ஆட்களும் சௌக்கியமாக இருக்க முருகன் துணை. இங்கே நானும் என் மகன் யோகேசும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். அதனால் எழுதியிருக்கிறேன். ஊட்டுக்காரர் போன ஊட்டில் என்ன சௌக்கியம் இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசாமல் கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போன் போட்டால் “யோகேசுகிட்டக் குடுங்க” என்கிறீர்கள். குடுத்தால் சோறு ஆறிப்போகிற வரைக்கும் சித்தப்பனும் மகனும் எஞ்சின் பேச்சு. திரும்ப என் கைக்கு வந்ததும் “டவர் இல்லீங்க நங்கை” என்று அண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அவனுக்குக் கிடைக்கிற டவர் எனக்கு மட்டும் எங்கே போகிறது என்று தெரியவில்லை. அதனால அஞ்சாவது வரைக்கும் படிச்ச படிப்பை வெச்சு இதை எழுதி, ஊருக்கு வந்திருக்கற உங்க டிரைவர் அம்மாசி கையில குடுத்து உடறேன். கடுதாசியப் பாதில நிறுத்தி டவர் இல்லைன்னு சொல்ல முடியாது பாருங்க.

உங்க அண்ணன் உங்க ரிக்கோட போனவரு, அந்தப் பாலைவனத்துல போர் போட்டுக்கிட்டு இருந்த எடத்துலயே வெயில் தாங்காம உழுந்து, பெட்டில ஊடு வந்து சேந்தாரு. காரியம் முடியறதுக்குள்ளயே யோகேசு ஆரமிச்சுட்டான், அப்பா உழுந்த எடத்துக்கு நான் பைக்ல போறேன்னு. ரயில்ல போலாமில்ல சாமின்னேன். ரயிலு மணலுக்குள்ள வராதாமா. செரி, புள்ள துக்கத்துல பேசறான், நாளாக நாளாக மறந்துருவான்னு நெனச்சேன். மறந்துங்கூட இருப்பான். நீங்கதான் ஒரு வார்த்தை சொன்னீங்க, “போறது பெருசில்லடா, மணலுக்கு ஏத்த எஞ்சின் புடிக்கோணும், அதுலதான் இருக்குது”ன்னு. அந்த ஒத்த வார்த்தைல என்ற ஊடு பட்டறை ஆயிப்போச்சுங்க தம்பி.

துக்கம் கேக்க வந்த ஆம்பளை ஒருத்தராவது துக்கம் கேட்டாரான்னு கேளுங்க. உங்க அண்ணன் போட்டோவுக்கு மாலையப் போட்டு, கண்ணத் தொடச்சு, துண்டை உதறித் தோள்ல போட்ட கையோட, “ஏண்டா யோகேசு, ஒத்த சிலிண்டரா ரெட்டையா?”ன்னு ஒக்காந்துக்குவாங்க. பொம்பளைங்க பக்கம் ஒப்பாரி, ஆம்பளைங்க பக்கம் ஆயில் கூலிங்கு. காப்பி கொண்டுபோய் வெச்சா, என்னை நிமுந்து பாக்காம டம்ளர எடுத்து, “இதுதான் பிஸ்டன்னு வெச்சுக்க”ங்கறாங்க. பைக் பட்டறை மதன் சொல்றான், மணலுக்கு ஒத்த சிலிண்டர்தான், எடை கம்மி, உழுந்தா ஒத்த ஆளே தூக்கி நிறுத்திக்கலாம்னு. உங்க பெரியப்பா மயில்சாமி உடுவாரா? “உழுவறதுக்குன்னே ஒரு எஞ்சினாடா?”ங்கறாரு. ரிக்குல ஆறு சிலிண்டரப் பாத்த கண்ணு அது. ஒத்த சிலிண்டருன்னா ஒத்தக் கண்ணு மாதிரி அவருக்கு. ரெண்டு இருந்தா ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இழுக்குமில்லங்கறாரு. குடும்பத்துல அப்படி இழுத்துக்கிட்டு இருக்கறவ நான் அங்கயேதான் நின்னேன், என்னைக் கேட்டிருந்தா அது எப்படி இழுக்கும்னு சொல்லியிருப்பேன்.

ஓட்டிப் பாத்துத் தீத்துக்கலாம்னு மதன் சூரமங்கலத்துல இருக்கற சிநேகிதன்கிட்ட ஒரு ரெட்ட சிலிண்டர் வண்டிய வாங்கியாந்தான். ஓட்ட மணல் வேணுமே. காவேரில இருக்கும்னு பள்ளிபாளையம் போனாங்க. தண்ணி போற பக்கம் தண்ணி, மிச்சப் பக்கம் பாறை. மணலு எல்லாம் எப்பவோ லாரி ஏறிப் போய் ஊரூரா ஊட்டுச் செவுத்துல இருக்குது, இவங்களுக்கு அது தெரியல, அத்தனை பேரும் லாரிக்காரனுங்க. திரும்பி வந்து, நம்ம தெருவுல மாடி கட்டற வாத்தியார் ஊட்டு முன்னால கொட்டி வெச்ச எம்-சாண்டு குமிமேல வண்டிய ஏத்துனாங்க. அது கல்ல ஒடச்சு அரைச்ச தூளுங்க, பாலைவனத்து மணலுக்கும் அதுக்கும் என்ன ஒறவுன்னு கொத்தனாரு தலைல அடிச்சுக்கிட்டாரு. யாரு கேக்கறாங்க? வண்டி உறுமுது, பின்சக்கரம் தோண்டுது, மேல ஏறும்னு பாத்தா போர் எறக்கற மாதிரி நேராக் கீழ எறங்கி அச்சு வரைக்கும் பொதஞ்சு நின்னுக்கிச்சு. சத்தங் கேட்டு வாத்தியாரு பனியனோட வெளிய வந்து, “ஏனுங்க பெரியவரே, நாளைக்கு எனக்குக் கான்கிரீட்டு. வண்டிய எடுத்துக்கறீங்களா, இல்ல அதையும் சேத்தே போட்டு மூடிரட்டுங்களா?”ன்னாரு. தெருவே சிரிச்சுது. எழவு ஊட்டுக்காரி நானும் முந்தானைல வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். சிரிச்சது எனக்கே பொறுக்காம உள்ள போய் அழுதேன். உங்க பெரியப்பா மட்டும் அசரல. “எப்படி எறங்குச்சு பாத்தியா, எடை இருக்குதுடா”ங்கறாரு.

அதோட உட்டாங்களான்னா இல்ல. அடுத்தது தண்ணி எஞ்சினா காத்து எஞ்சினான்னு சண்டை. ரேடியேட்டர்ல தண்ணி சுத்திச் சூட்டை எறக்கறது ஒண்ணாமா, மேல வரிவரியா வெச்சு அடிக்கற காத்துலயே ஆறிக்கறது ஒண்ணாமா. பாலைவனத்துக்கு எது தாங்கும்னு மதனும் பெரியப்பாவும் சோத்துத் தட்டத் தள்ளிவெச்சுட்டு மல்லுக்கு நின்னாங்க. கடைசில கருப்பணார் கோயில்ல பூக் கேட்டுரலாம்னு முடிவு. செவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். நானும் போனேன். உங்க பெரியப்பா திரும்பிப் பாத்து, “நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா”ன்னாரு. தாலி எறக்குனவ நல்ல காரியத்துக்கு எதுக்க நிக்கக் கூடாதாமா. நான் பெத்த புள்ள ஏறப் போற வண்டி, நான் போய்ப் புளியமரத்தடில நின்னேன்.

பூசாரி கண்ண மூடி ஒரு பொட்டலத்த எடுத்துப் பிரிச்சாரு. வெள்ளை. மதன் “காத்து!”ன்னு குதிக்கறான். பெரியப்பா “தண்ணி!”ன்னு கும்புடறாரு. எந்தப் பூவுக்கு எந்த எஞ்சின்னு பேசி வெக்காமயே அத்தனை பெரிய மனுசங்களும் பொட்டலங் கட்டியிருக்காங்க. கருப்பணாரு என்ன பண்ணுவாரு, அவரு போறதே குதிரைல. மறுக்காக் கேளுங்கன்னா, கேட்டதையே திரும்பக் கேட்டா சாமிக்குக் கோவம் வரும்னு பூசாரி பொட்டலத்த மடிச்சு மடில வெச்சுக்கிட்டாரு. ஏனுங்க தம்பி, போலாமா வேண்டாமான்னுதானே நம்ம சனம் பூக் கேக்கும்? அதைக் கேக்கோணும்னு ஒருத்தருக்கும் தோணல. மரத்தடில நின்னவளுக்குத் தோணுச்சு. அவ கேக்கக் கூடாது.

இப்ப உங்க சங்கதிக்கு வாரேன். காரியத்தன்னிக்குப் பந்தில ஒக்காந்துக்கிட்டு நீங்க எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. “அண்ணன் சும்மா போகலீங்க நங்கை. எஞ்சின் கொதிக்குதுன்னு குடிக்க வெச்சிருந்த தண்ணியப் பூராவும் எடுத்து ரேடியேட்டர்ல ஊத்திட்டாரு. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல”ன்னீங்க. மெடல் குடுக்கற மாதிரி சொல்லிட்டு ரசத்துக்குக் கையக் காட்டுனீங்க. அந்த எஞ்சின் நல்லா இருக்குதுங்களா தம்பி? நல்லா இருக்கட்டும். உங்க அண்ணன் வாய்க்குப் போகவேண்டிய தண்ணியக் குடிச்ச எஞ்சின், தீர்க்காயுசா ஓடட்டும். எனக்கு மட்டும் இப்ப ரேடியேட்டர் வெச்ச எதைப் பாத்தாலும் வயிறு எரியுது. எதுத்தாப்பல டவுன் பஸ்சு வந்து நின்னாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கறேன்.

ஒரு ஆளை அந்த மண்ணுக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ணக் குடுக்க எங்கிட்ட இல்ல. நான் சொன்னா அவன் கேக்க மாட்டான், எனக்கு எஞ்சின் தெரியாதாமா. நீங்க சொன்னாக் கேப்பான். அதனால ஒரே ஒரு பொய் சொல்லுங்க. தண்ணி எஞ்சின் கொதிச்சுரும், காத்து எஞ்சின் இறுகிக்கும், ஒத்த சிலிண்டர் இழுக்காது, ரெட்ட சிலிண்டர் பொதஞ்சுரும், இந்த மணலுக்குன்னு எஞ்சின் செய்யற கம்பெனி இன்னும் பொறக்கலைன்னு சொல்லிருங்க. அண்ணனுக்குச் செய்யவேண்டியது ஏதாச்சும் பாக்கி இருக்குதுன்னு நீங்க நெனச்சீங்கன்னா இதுதான் அது.

உங்க சம்சாரம் ஸ்ரீதேவிக்கும் பாப்பாவுக்கும் என் ஆசீர்வாதம். பாப்பா நல்லாப் படிக்கட்டும், எஞ்சின் தெரியாத மாப்பிள்ளையாக் கெடைக்கட்டும். வெயில்ல தொப்பி போட்டுக்குங்க. தண்ணிய மொதல்ல நீங்க குடிங்க.

இப்படிக்கு
உங்கள் நன்மையை நினைக்கிற
க. நல்லம்மாள்

பின்குறிப்பு: மடிச்சு ஒட்டப் போறப்ப யோகேசு சோறு திங்க வந்தான். இத்தனை மாசத்துல நானும் அவனை ஒரு கேள்வி கேக்கலைன்னு அப்பத்தான் ஒறைச்சுது. “அங்க போய் என்னத்தடா சாமி பாக்கப் போற?”ன்னேன். “அப்பா போட்டுக்கிட்டு இருந்த போர்ல தண்ணி வந்துச்சா இல்லையான்னு பாக்கோணும்மா”ன்னான். மடிச்ச கடுதாசிய மறுக்காப் பிரிச்சு வெச்சுக்கிட்டு ஒக்காந்தேன்.

மேல எழுதுனத எல்லாம் அடிச்சுருங்க. பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். காத்துல ஆறற எஞ்சினே இருக்கட்டும், ஒத்த சிலிண்டர் போதும், வேகம் வேண்டாம். ஆனா மெதுவா இழுத்தாலும் ரெண்டு ஆளை இழுக்கோணும், அதுக்குத் தகுந்ததா மதன்கிட்டச் சொல்லுங்க. பொறத்தால நான் ஒக்காந்து வாரேன். சேலையோட அத்தனை தூரம் ஒக்கார முடியாதுன்னு, தையக்கார ஜெயப்பிரியாகிட்டச் சுடிதாருக்கு அளவு குடுக்கப் போறேன். கிளிப்பச்சை. மணல்ல உழுந்தா எடுக்க வாரவனுக்குக் கண்ணுல படோணுமில்ல. பெரியப்பா ஏதாச்சும் கேட்டா, தள்ளி நிக்கத்தான் போயிருக்கறாள்னு சொல்லிருங்க.

இத்தனை பேரு இத்தனை எஞ்சின் பேசுனீங்க, அந்தப் போர்ல தண்ணி வந்துச்சான்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. இதைப் படிச்சுட்டு இப்பப் போன் போட்டுச் சொல்லிராதீங்க தம்பி. நாங்களே வந்து பாத்துக்கறோம்.